அடி அண்ணாமலைக் கிணற்று மோட்டார்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். அப்போதுதான் எனக்குக் கல்யாணமாகியிருந்தது. ஒரு நாள் பக்கத்து அடி அண்ணாமலை கிராமத்து விவசாயி ஒருவர் தன் கிணற்று மோட்டாரை மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். அந்தக் கோடையிலேயே அது இரண்டாவது முறையாகக் கருகியிருந்தது.

"தம்பி, நீங்க கட்டின காயில் சரியில்ல."

எனக்குச் சுருக்கென்றது. திரும்பக் கட்டி, மாட்டுவதற்கு நானே போனேன். ஊரைப் பார்க்கணும் என்று என் மனைவியும் சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டாள்.

அங்கே ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினால், உள்ளே தடித்த செம்புக் கம்பி முறுக்கியிருந்தது.

"யாருங்க இதப் போட்டது?"

"நான்தான். சின்னக் கம்பி போட்டா போய்க்கினே இருக்குது. இது போகவே இல்ல பாருங்க," என்றார் பெருமையாக.

"அது போகாததாலதாங்க மோட்டார் போச்சு."

வரப்பில் நின்றிருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார். "நான் சொன்னா கேட்டாத்தானே!"

சரியான கம்பியைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். மோட்டார் முனகியது, ஃபியூஸ் போனது. அப்போதுதான் ஒயரைப் பார்த்தேன். ரோட்டோர மீட்டர் கொட்டகையிலிருந்து நிலத்தின் கோடிக் கிணறு வரைக்கும், வீட்டு லைட்டுக்கு இழுக்கிற மெல்லிசு ஒயர். கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு கரண்ட் கேட்கும். அந்த ஒயரில் வோல்டேஜ் வழியிலேயே செத்துவிடும். மோட்டார் சுற்ற முடியாமல் இன்னும் ஜாஸ்தியாக இழுத்து, சூடாகிக் கருகும் என்று விளக்கினேன்.

"சந்துல தேர் இழுத்த கதைதான்," என்றாள் என் மனைவி.

விவசாயிக்கு அது உடனே புரிந்தது. டவுனுக்குப் போய்த் தடித்த ஒயர் வாங்கிவந்தார். சாயங்காலத்துக்குள் இழுத்து முடித்தோம். மோட்டார் தகட்டில் போட்டிருந்த ஆம்பியருக்கு ஸ்டார்ட்டர் பெட்டியில், கரண்ட் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ரிலேயைச் சரிசெய்து வைத்தேன், அதற்கேற்ற ஃபியூஸ் கம்பி கட்டினேன்.

பட்டனை அழுத்தியதும் ஒரு உறுமல். பிறகு குழாய் இருமி, தண்ணீர் தொட்டியில் பொத்தென்று விழுந்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" விவசாயியின் மனைவி என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டும் தண்ணீருக்குக் கீழே போய் நின்றார். புதுப்புடவையோடு அவள் நனைந்து சிரித்ததை நான் ஸ்பேனரும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அறுவடை முடிந்து விவசாயி மறுபடியும் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். மறுபடியும் கருகிவிட்டதோ என்று எழுந்து ஓடினேன். வண்டியில் மோட்டார் இல்லை, அவர் நிலத்தில் விளைந்த நிலக்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, ஒரு மூட்டை இருந்தது. அன்றைக்கு எங்கள் தெரு முழுக்க அவித்த மல்லாட்டை வாசனை.