சாவு லீவு

என் அம்மா ஒரு முறை செத்துப்போயிருக்கிறாள். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு கார்த்திகை மாதம். நோய்நொடி எதுவும் இல்லை. இரண்டு நாள் யோசித்து, அப்பாவோடு சண்டை போட்டு, தானே முன்வந்து செத்தாள். என் தங்கச்சியை மில்லிலிருந்து வெளியே கொண்டுவர எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

தங்கச்சிக்கு அப்போது பதினேழு வயது. மில் திண்டுக்கல்லைத் தாண்டி இருந்தது. பஞ்சை நூலாக்குகிற மில். அங்கே ஆள் சேர்க்கும் புரோக்கர் பொம்பளை ஒருத்தி கோட்டையூர்ப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்குக் கல்யாண ஆல்பம் மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஹாஸ்டல், கலர் டிவி, வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் பென்குயின் குப்பைத்தொட்டி என்று பக்கத்துக்குப் பக்கம் போட்டோ. மூன்று வருஷம் உள்ளேயே தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை, நடுவில் வந்தால் ஒன்றும் கிடையாது என்றாள். அப்பாவுக்குப் பிடித்தது காம்பவுண்டுச் சுவர்தான். “எம்புட்டு உசரம் பாத்தியா. பொம்பளப் பிள்ளைகளுக்கு இதுதான் பாதுகாப்பு” என்றார். வெளியே இருப்பவர்களைத் தடுக்கக் கட்டிய சுவர் என்று நினைத்துவிட்டார். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டார்.

முதலில் அந்தப் பொம்பளை கேட்டது என்னைத்தான். நான் மூத்தவள். காரைக்குடியில் ரெடிமேடு கடையில் எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். தங்கச்சி பெட்டியோடு போனாள். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் பெரிய யோக்கியக்காரி மாதிரி ஆகிவிடும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. நடுவில் ஹாஸ்டல் வார்டனம்மா உட்கார்ந்திருப்பார். ஒன்றரை வருஷம் கழிந்த பிறகு ஒரு ஞாயிறு, வார்டனம்மா தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, இருமல் நிக்கவே மாட்டேங்குது. டாக்டருட்ட கூட்டிட்டுப் போங்கன்னா வெள்ள மாத்திரையக் குடுத்து மிசினுக்கு அனுப்புறாக. என்னைய இங்கேயிருந்து கூட்டிட்டுப் போயிரு.” அவள் தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் அதை எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.

அப்பா மேனேஜரிடம் போய், உங்கள் தொகை எங்களுக்கு வேண்டாம், பிள்ளையை விடுங்கள் என்று கேட்டார். மேனேஜர் முத்திரைத்தாளைக் காட்டினார். கண்டனூரில் பூட்டிக் கிடக்கிற பெரிய பெரிய வீடுகளுக்குக்கூட வருஷத்தில் ஒரு கல்யாணத்துக்காவது கதவு திறக்கும். இங்கே கல்யாணம், காய்ச்சல், திருவிழா எதற்கும் திறக்காது. சாவுக்கு மட்டும் திறக்கும். அதற்கும் அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். உறவுக்காரர்களை வரிசையாக எழுதி, செத்தவர்களைக் கோடு போட்டு அடித்து வைத்திருந்தார். ஒரு பிள்ளைக்கு மூன்றாவது தாத்தா செத்தபோது அவருக்குச் சந்தேகம் வந்ததாம். அதிலிருந்து தாத்தா, பாட்டிகள் செல்லாது. அப்பாவோ அம்மாவோ செத்தால்தான் லீவு.

“நான் செத்துட்டுப் போறேன்” என்றார் அப்பா, பஸ்ஸிலேயே. அந்த வருஷம் கண்மாய் நிறைந்து நாற்று நட்டு முடித்திருந்தார், ஓய்வாகத்தான் இருந்தார்.

அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. “நீங்க செத்தா என் தாலி என்னாவது? எழுத்துல போட்டாலும் போட்டதுதான். வாய்ல வச்சுச் சொல்லலாமா அத?” என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவளே முடிவு சொன்னாள். “நான் சாகுறேன். பூவும் பொட்டுமா மகராசியாப் போயிர்றேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல.” அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. தன் சாவுக்கு ஒரு மதிப்பு இருக்கும், ஊரில் நாலு பேர் வருவார்கள் என்றெல்லாம் வாதாடிப் பார்த்தார். அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் மில்லுக்குத் தந்தி கொடுத்தோம்.

தந்தி கிடைத்ததும் மேனேஜர் நான் வேலை பார்த்த கடை போனுக்கே பேசினார். செத்த அன்றைக்கு மிசின் ஓடிக்கொண்டிருந்ததால் பிள்ளையை அனுப்ப முடியவில்லை, பதினாறாம் நாள் காரியத்துக்கு விடுகிறேன், அச்சடித்த பத்திரிகையைத் தபாலில் அனுப்புங்கள் என்றார். உண்மையிலேயே அம்மா செத்திருந்தால் என் தங்கச்சிக்கு முகம் பார்க்கக் கிடைத்திருக்காது. எனக்கு அப்போது அதில் கோபம்கூட வரவில்லை, பத்திரிகைக்கு எங்கே போவது என்றுதான் யோசித்தேன்.

காரைக்குடியில் ஓர் அச்சகத்துக்கு நானும் அப்பாவும் போனோம். அச்சகக்காரர் துக்கத்தோடு எங்களை உட்காரவைத்து, “சிவலோக பதவியா, வைகுண்ட பதவியா?” என்று கேட்டார். அப்பா கொஞ்சம் திணறி, “பக்கத்துல எது இருக்கோ அதப் போடுங்க” என்றார். துக்கத்தில் பேசுகிறார் என்று அவர் சிவலோகமே போட்டார். எங்களுக்கு ஒன்றே ஒன்று போதும். அவரோ நூறுக்குக் குறைந்து அடிப்பதில்லை என்றார். மிச்சம் தொண்ணூற்றொன்பதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அம்மா ஒன்றை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். வயது இரண்டு கூடிவிட்டது, தன் பெயரைவிட அப்பா பெயர் பெரிதாக இருக்கிறது என்று இரண்டு குற்றம் கண்டுபிடித்தாள். பிறகு அத்தனையையும் அடுப்பில் வைத்து வெந்நீர் போட்டுக் குளித்தாள்.

பதினாறாம் நாள் வந்தது. தங்கச்சி மட்டும் வருவாள் என்று நினைத்தோம். காவலுக்கு வார்டனம்மாவும் கூடவே பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டார். நல்லவேளையாக எதிர்வீட்டுப் பையன் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னான். அம்மாவை நெல்மூட்டை போட்டிருந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினோம். மாலை போட ஒரு போட்டோ வேண்டும். அம்மா தனியாக எடுத்த போட்டோ எதுவும் கிடையாது. இருந்தது கல்யாணப் போட்டோ ஒன்றுதான். அதில் அம்மா பக்கம் மட்டும் படும்படி மாலையை மாட்டினேன். அது வழுக்கி வழுக்கி அப்பா கழுத்துக்கே போனது.

தங்கச்சி வாசலிலேயே விழுந்து அழுதாள். நாங்கள் நாடகம் ஆடுவது அவளுக்கு எப்படித் தெரியும்? கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற இடத்துக்கு நாங்கள் எதை எழுத முடியும்? அவளைப் பொறுத்தவரை பதினாறு நாளாக அம்மா இல்லை. நான் அவளைத் தூக்குகிற சாக்கில் காதில் “அம்மா உள்ள இருக்கா” என்றேன். அவள் அதைக் கேட்டு இன்னும் பெரிதாக அழுதாள். வார்டனம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு பையிலிருந்து ஒரு சேலையை எடுத்தார். “மில்லு சார்பாக் கோடி” என்று போட்டோவுக்கு முன்னால் வைத்தார். செத்தவளுக்குப் புதுத்துணி போடுகிற முறை மில்லுக்குத் தெரிந்திருந்தது. சுற்றுமுற்றும் பார்த்து, “காரியத்துக்கு ஆளையே காணாம்?” என்றார்.

“எங்களுக்குச் சொந்தம் கம்மி” என்றார் அப்பா.

“பொறந்த வீட்டுக் கோடி வரலையா?”

“அவுக ஒரு மாதிரி. செலவுன்னா வர மாட்டாக.”

அறைக்குள் ஒரு நெல்மூட்டை சரிந்த சத்தம் கேட்டது. எலி என்றேன். சாப்பாடு போட்டோம். வார்டனம்மா இரண்டாவது முறை குழம்பு வாங்கிக்கொண்டு, “ஆத்தா இல்லாத வீட்ல இம்புட்டு ருசியா யாரு வச்சது?” என்று கேட்டார். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். அப்பா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, “நான்தான். அவ இருந்தப்பவும் நான்தான் சொல்லிக் குடுக்கிறது” என்றார்.

அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வார்டனம்மாவின் கை சோற்றிலேயே நின்றது. “இது அவளோட தங்கச்சி. ரெட்டப்பிள்ளைக” என்றார் அப்பா. “என்ன ரெட்டப்பிள்ள? நான்தான் செத்தவ. குழம்பும் நான் வச்சதுதான்” என்றாள் அம்மா. வார்டனம்மா அம்மாவையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டு, மோர் கேட்டு வாங்கி, கை கழுவிக்கொண்டு வந்து, “பிள்ளைய அனுப்புவீகளா, மாட்டீகளா?” என்றார்.

“அனுப்பல” என்றாள் அம்மா.

“அப்ப நான் உள்ளதச் சொல்லிருவேன். எனக்கும் வேல வேணும்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனார். சொல்லட்டுமே, மேனேஜர் நோட்டில் எங்கள் பக்கத்தைக் கிழித்துக்கொள்ளட்டும் என்று நாங்கள் சிரித்தோம். மறுநாளே தங்கச்சியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இருமல் அடங்க ஏழு மாதம் ஆனது. தனக்கு வந்த கோடியை அம்மா தானே உடுத்திக்கொண்டாள். செத்தவள் கட்டாமல் வேறு யார் கட்டுவது என்றாள்.

அடுத்த தீபாவளிக்கு அப்பா ஒரு சபதம் எடுத்தார். அந்த மில் நூலில் நெய்த ஒரு துணியும் வீட்டுக்குள் வரக்கூடாது. சபதத்தோடு நேராக என் கடைக்கு வந்தார். வேட்டி, பனியன், ஜட்டி என்று ஒவ்வொன்றையும் எடுத்து, “இது எந்த மில்லு நூலு? உள்ள எத்தன பிள்ளைகளப் பூட்டி வச்சிருக்காக?” என்று கேட்டார். கடையில் தீபாவளிக் கூட்டம். சாயம் போகுமா, சுருங்குமா என்பதைத் தவிர வேறு கேள்வியே கேட்டறியாத கூட்டம். முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, “அண்ணே, உங்களுக்கு வேட்டி வேணுமா, வேட்டியோட ஜாதகம் வேணுமா?” என்றார். அப்பா ஜாதகம்தான் என்றார். நான் பில் போடும் மேஜைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அங்கிருந்து கைத்தறி சொசைட்டிக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் அரசாங்கச் சம்பளக்காரர், பொய் சொல்ல அவசியம் இல்லாதவர். “நெய்யிறதுதான் கையி. நூலு மில்லுலருந்துதான் வருது” என்று சொல்லிவிட்டார். அந்தத் தீபாவளிக்கு அப்பா பழைய வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு, ஊரிலேயே சுத்தமான மனுஷன் தான்தான் என்று வாசலில் நின்றார். அந்தப் பழைய வேட்டி எந்த மில் நூல் என்று அம்மா கேட்டதும் வாசலை விட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டார். இதையெல்லாம் போகிற கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லிச் சிரித்தோம். நான்தான் நன்றாகச் சொல்வேன். அப்பா குரலிலும் அம்மா குரலிலும் பேசிக் காட்டுவேன்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். தெருமுனையிலிருந்து ஓர் ஒப்பாரிச் சத்தம் எங்கள் வீட்டை நோக்கி வந்தது. தங்கச்சி வயதுப் பெண் ஒருத்தி, மஞ்சள் பையோடு, மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். அம்மா வாசலுக்கு ஓடினாள். எங்கள் பக்கத்தில் அழுதுகொண்டு ஒருத்தி வந்தால் முதலில் கட்டிப்பிடித்துக் கூட அழ வேண்டும், யார் செத்தது என்று அப்புறம்தான் கேட்க வேண்டும். அம்மா அப்படியே செய்தாள். இரண்டு பேரும் தோளில் தோள் சாய்த்து ஒரு பாட்டம் அழுது ஓய்ந்த பிறகு, “யாரும்மா தவறிட்டாக?” என்று கேட்டாள்.

“இந்த வீட்டு அம்மா” என்றாள் அந்தப் பெண்.

தங்கச்சி உள்ளேயிருந்து வந்து பார்த்துக் கத்திவிட்டாள். மில்லில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள். மூன்று வருஷம் முடிந்து வெளியே வந்த கையோடு, விசாரித்து விசாரித்துத் துக்கம் கேட்க வந்திருக்கிறாள். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நான் முழுக்கதையையும் சொன்னேன். சிவலோகம், எலி, குழம்பு ஒன்றையும் விடவில்லை. அவள் எங்கேயும் சிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

முடித்ததும் அவள் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள். “இவ ஊருக்குப் போயி எட்டாம் நாளு எங்கம்மா செத்துச்சு. தந்தி வந்துச்சு. எங்க அண்ணன் வந்து கேட்டுல நின்னுச்சு. இனிமே எந்த அம்மா செத்தாலும் லீவு கெடையாதுன்னு மேனேசரு சொல்லிட்டாரு. முந்தியெல்லாம் பதினாறுக்காவது விடுவாக. எனக்கு மட்டும் ஏன் அப்பிடின்னு தெரியாமலே இருந்தேன்.” மஞ்சள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். “இவளாவது போயிக் காரியத்தப் பாத்தாளேன்னு அத நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிட்டேன்.”

அப்பா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். தங்கச்சியைக் கூட்டி வந்ததற்காக நான் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் படவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு முன்னால் இரண்டு குரலில் பேசிக் காட்டினேனே, அதை நினைத்தால் இப்போதும் என்னையே எனக்குப் பிடிக்காமல் போகிறது.

அம்மா அவளுக்குச் சோறு போட்டாள். அவள் ஒரு வாய் சாப்பிட்டாள், கை கழுவினாள். அம்மா அவள் தலையைத் தடவினாள். அந்தத் தலையிலும் பஞ்சு இருந்தது. மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து அவள் பாட்டுக்குப் படியிறங்கினாள். அம்மா வாசல் வரை பின்னாலேயே போய், “போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ தாயி” என்று கேட்டாள். இரண்டு முறை கேட்டாள். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். துக்க வீட்டிலிருந்து அப்படித்தான் போக வேண்டும்.