கீழ் டிராயரில் இருபத்திரண்டு வீரர்கள்

பிறர் வாய்க்குப் பல் செய்து கொடுப்பது அவர் தொழில். மெழுகில் ஈறு செதுக்கி, அச்சு எடுத்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, பளபளவென்று தேய்த்து, சின்ன வெள்ளைப் பெட்டியில் வைத்து டாக்டர்களுக்கு அனுப்புவார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அவர் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், ஏதோ பெரிய விஞ்ஞானி என்றுதான் நினைக்கத் தோன்றும். அந்த விஞ்ஞானி பாதி நேரம் பொம்மைகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். நாற்பத்தொன்பது வயதில் வெளியே சொல்லக்கூடிய விஷயமா அது?

அவருக்குப் பத்து வயதிருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் 'இடிக்கோட்டை வீரர்கள்' என்று ஒரு கார்ட்டூன் வந்தது. அதில் வந்த அத்தனை பேரும் உள்ளங்கை உயரப் பொம்மைகளாகக் கடைக்கு வந்தார்கள். இடுப்பு பெல்ட்டை இழுத்து விட்டால் போதும், உடம்பு சுழன்று வாள் பிடித்த கை 'சடக்'கென்று வெட்டும். அத்தை மகனிடம் மூன்று இருந்தன. கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தால் ஒன்றை மட்டும் தொட அனுமதி உண்டு. அவரும் வெட்கமில்லாமல் கழுவிவிட்டு வருவார்.

முப்பத்தெட்டாவது வயதில் ஒரு பழைய சாமான் கடையில், ஓடாத கடிகாரங்களுக்கு நடுவே, அந்த வீரர்களில் ஒருவனான மின்னல்வேந்தன் குப்புறக் கிடந்தான். வாள் இல்லை, பெல்ட் அறுந்திருந்தது.  காணாமல் போன சொந்தத் தம்பியைக் கண்டெடுத்தவர் போல அவர் அங்கேயே கண் கலங்கினார். கடைக்காரர் பயந்துபோய் தண்ணீர் கொடுத்தார். அன்று பிடித்த பைத்தியம் வருடத்துக்கு வருடம் முற்றி, இருபத்திரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்த பிறகும் தெளியவில்லை.

இதில் அவர் செய்த பெரிய பாவம் இரண்டு வருடங்களுக்கு முன்னால் நடந்தது.

நூலகத்தில் வேலை செய்யும் மனைவி ஒரு நாள், அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டைப் பார்த்துவிட்டு வந்து, "என்னங்க, அதுங்களுக்கு விளையாட ஒண்ணுமே இல்லைங்க. நம்ம வீட்டுல கண்ணாடிக்குள்ள இத்தனை சும்மா நிக்குது" என்றாள். அவ்வளவுதான். உணர்ச்சி வேகத்தில் அவர் எழுந்து நின்று, "எல்லாத்தையும் கொடுத்துடறேன்" என்றார். சொல்லும்போது தன் குரல் தழுதழுத்தது தனக்கே பிடித்திருந்தது. மறுநாள் ஒரு பெட்டி நிறைய வீரர்களை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனார். ஒன்றரை மணி நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு வந்த வழியே திரும்பி, மனைவி வேலையிலிருந்து வருவதற்குள் எல்லாரையும் தன் அறை பீரோவின் கீழ் டிராயரில் அடுக்கி, 'பழைய அச்சுகள்' என்று எழுதி ஒட்டிப் பூட்டினார்.

சாயங்காலம் மனைவி ஆசையாகக் கேட்டாள். "பிள்ளைங்க என்ன சொல்லிச்சு?"

கொடுத்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். விதி விட்டதா? "ஒரு பாப்பா, கையில ஊசி குத்தியிருந்தாங்க. அந்தப் பனியாந்தை பொம்மையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே தூங்கிடுச்சு" என்றார். இல்லாத பாப்பாவுக்காக அவருக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அன்றிலிருந்து சொந்தபந்தம், அக்கம்பக்கம், நூலகத்துக்கு வருகிறவர்கள் என்று ஒருவர் விடாமல் மனைவி வாயால் அந்தப் பாப்பாவின் கதையைக் கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்து நிற்பார். அடக்கத்தைப் பார் என்று அதற்கும் பாராட்டு கிடைத்தது.

தியாகியின் சாயம் ஒரு தலையால் வெளுத்தது.

இருபத்திரண்டு பேரில் நஞ்சுநாக்கன் என்று ஒரு வில்லன். பச்சை முகம், இரண்டு கோரைப் பல். அவன் தாடையில் விரிசல் விட்டிருந்தது. தலையை மட்டும் கழற்றி லேபுக்குக் கொண்டுபோய், பல்செட் செய்யும் பொருளாலேயே ஒட்டி, யார் கண்ணிலும் படாமலிருக்க ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு பெட்டி. அதில் ஒரு தலைமையாசிரியையின் மேல்வரிசைப் பற்கள். லேபில் கணக்கு பார்க்கும் பெண் உள்ளே வரும் சத்தம் கேட்டதும் பதற்றத்தில் ஒரு பெட்டியில் தலைமையாசிரியையின் பெயர்ச்சீட்டை ஒட்டிக் கிளினிக்குக்கு அனுப்பினார், மற்றதைச் சட்டைப்பைக்குள் போட்டார். வீட்டுக்குப் போய் அதைத் திறக்கப்போன நேரத்தில் மனைவி அறைக்குள் வந்துவிட்டாள். திறந்தும் பார்க்காமல் டிராயருக்குள் தள்ளிப் பூட்டி, சாவியை வழக்கம்போல் கடிகாரத்துக்குப் பின்னால் வைத்தார்.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு லேபில் போன் அடித்தது. பல் டாக்டரம்மா.

"சார், பெட்டியைத் திறந்தேன். பல் இருக்கு. ரெண்டே ரெண்டு. கூடவே ஒரு மூஞ்சியும் இருக்கு."

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "டாக்டர்..."

"அம்மா நாற்காலியில வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருக்காங்க. முப்பத்துநாலு வருஷ சர்வீஸ், இன்னிக்கு ரிட்டயர்மென்ட். பதினொன்றரைக்கு ஸ்கூல் முழுக்க முன்னாடி பேசணும். கடி சரி பண்ணவே எனக்கு அரை மணி நேரம் வேணும். பல்லு எங்க சார்?"

பல் எங்கே என்று அவருக்குத் தெரியும். லேபிலிருந்து வீடு ஒரு மணி நேரம். வீட்டிலிருந்து கிளினிக் பத்து நிமிடம். வீட்டில் மனைவி இருக்கிறாள், இன்று அவளுக்கு விடுமுறை. பூட்டுக்காரன், நெஞ்சுவலி, லேபில் திருட்டு என்று நாலைந்து பொய்கள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றும் கடைசியில் அந்த டிராயரிலேயே போய் முட்டியது. தன் மானமா, ஒரு பெண்மணியின் முப்பத்துநாலு வருடமா? பெரிய தர்மசங்கடம் போல நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு, தர்மத்தின் பக்கம் தான் இரண்டு வருடமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. போனை எடுத்தார்.

"ஏம்மா, கடிகாரத்துக்குப் பின்னாடி ஒரு சாவி இருக்கும்."

"என்ன சாவிங்க?"

"கீழ் டிராயர் சாவி. திறந்தா ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். உடனே டாக்டரம்மா கிளினிக்குல கொண்டுபோய்க் கொடுத்துடு. மத்த எதையும் பார்க்காதே."

சொன்ன மாத்திரத்தில் தன் முட்டாள்தனம் தெரிந்தது. பார்க்காதே என்று சொன்னால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? பூட்டு திறந்தது. டிராயர் இழுபட்டது.  கொஞ்ச நேரம் கழித்து 'சடக்'கென்று ஒரு ஒலி கேட்டது. அவள் ஏதோ ஒரு வீரனின் பெல்ட்டை இழுத்து விட்டிருக்கிறாள்.

"எல்லாரும் இங்கதான் இருக்காங்களா?" என்றாள்.

"ம்."

"பெட்டியைக் கொடுத்துட்டு அங்கேயே நிக்கிறேன். வாங்க." போன் துண்டிக்கப்பட்டது.

அவர் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம். கிளினிக் நாற்காலியில் தலைமையாசிரியை கண்ணாடி பார்த்துப் பல்லைக் கடித்துக் கடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் மேசைமேல் இருந்த பச்சைத் தலையைக் காட்டி, "இது உங்க பிள்ளையோடதா?" என்று கேட்டார்.

காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. "என்னோடதுங்க" என்றார். "நான்தான் விளையாடுறேன்." உலகம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்தார். மூலையில் ஒருவர் இருமினார், அவ்வளவுதான். தலைமையாசிரியை தலையை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, "தாடையை நல்லா ஒட்டியிருக்கீங்க" என்று சொல்லி, நேரமாகிறதென்று ஓடினார்.

வெளியே மாடிப்படியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். கோபமாக இருந்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"பொம்மையைக் கொடுக்க மனசு வரலைன்னா வரலைன்னு சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன பிடுங்கியா எறியப்போறேன்?"

"தப்புதாம்மா."

"அந்தப் பாப்பா?"

அவர் கையிலிருந்த பச்சைத் தலையைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"அந்தப் பாப்பாவும் இல்லையாங்க?" அவள் குரல் உடைந்தது. "ரெண்டு வருஷமா அது இப்ப எப்படி இருக்கோன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். ஊசி எடுத்திருப்பாங்களா, வீட்டுக்குப் போயிருக்குமான்னு."

அவருக்கு அழுகை வந்தது. இந்த முறை அந்த அழுகை தனக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் இது நிஜ அழுகையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு போனை நீட்டினாள். "நான் சொன்ன ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்களே உங்க வாயால சொல்லணும். முதல்ல எங்க அண்ணன்."

மைத்துனர்தான் ஒரு குடும்ப விருந்தில் எழுந்து நின்று, "என் தங்கச்சி புருஷன் மாதிரி வருமா?" என்று நா தழுதழுக்கப் பேசியவர். அவர் எண்ணை அழுத்தினார்.

"மச்சான், நான்தான். உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். அந்தப் பொம்மைங்களை நான் கொடுக்கவே இல்லை."

மறுமுனையில் ஏதோ மென்று விழுங்கும் சத்தம். "எந்தப் பொம்மை மாப்ளே?"

"ஆஸ்பத்திரி பிள்ளைங்களுக்கு... இடிக்கோட்டை வீரர்கள்."

"எந்தக் கோட்டை?"

அவர் பரிதாபமாக மனைவியைப் பார்த்தார். அவள் இரக்கமே காட்டாமல் படியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"மறந்துட்டார் போல. முதல்லேருந்து சொல்லுங்க. நானும் கேக்கறேன்."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மச்சான்," என்று தொண்டையைச் செருமிக்கொண்டார், "எனக்குப் பத்து வயசா இருக்கும்போது டிவியில ஒரு கார்ட்டூன் வரும்..."