மூன்றாவது வரிக்கு முன் ஒரு மூச்சு

சலவைக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் ஒட்டிக்கொண்டுவிட்டது. மேற்பார்வையாளரிலிருந்து மூட்டை தூக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் ரேடியோக்காதான். சம்பளச் சீட்டில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் இருந்தது அந்தக் கூடம். மேலே ஏழு மாடியிலும் அழுக்காகிற துணியெல்லாம் கீழே வந்து சேரும். துவைத்த பிறகு தேய்ப்பதற்குப் போர்வைக்கு ஒரு மிஷின், தலையணை உறைக்கு ஒரு மிஷின், டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுக்குத் தனியாக ஒன்று. கோட்டு மிஷின் அவளுடையது. பலகையின் மேல் கோட்டை விரித்து, காலால் மிதியை அழுத்தினால் மேல்மூடி வந்து படியும். புஸ்ஸென்று நீராவி போகும். காலை எடுத்தால் மூடி எழும். கை இரண்டு, முன்பக்கம் இரண்டு, முதுகு ஒன்று. ஆக ஒரு கோட்டுக்கு ஐந்து மிதி. இருபத்திரண்டு வருடமாக மிதிக்கிறாள். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடக்கிறவர்கள் கீழே இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

அவள் காதில் எப்போதும் இரண்டு ஒயர் தொங்கும். போன் இடுப்புப் பையில் இருக்கும். பொழுது போவதற்காகக் கேட்கிற ஆளில்லை அவள். ஒரே பாட்டை ஒரு வாரம் முழுக்கக் கேட்பாள். திங்கட்கிழமை பிடிக்காத பாட்டு வியாழக்கிழமை பிடித்துப்போகும், சனிக்கிழமை அது இல்லாமல் முடியாது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? பக்கத்து மிஷின்காரியிடம் ஒருமுறை சொல்லப்போக, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். வீடென்றால் அண்ணன் வீட்டுப் பின்னறை. அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் அவள் கேட்கிற கேள்வி இரண்டே இரண்டு. சாப்பிட்டாயா, கதவைச் சாத்தினாயா. ஐம்பது வயதுப் பெண்ணை உலகம் வேறு என்ன கேட்கப்போகிறது.

அதனால்தான் பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அந்தச் சின்ன அறிவிப்பை அவள் மூன்று தடவை படித்தாள். பாட்டு கேட்பவர்களின் வட்டம், மாதந்தோறும் இரண்டாவது ஞாயிறு மாலை நான்கு மணி, மூக்குக்கண்ணாடிக் கடை மாடி, அனுமதி இலவசம். இந்த மாதம் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று கீழே எழுதியிருந்தது. அந்தக் கேள்வியைத் தன்னிடமே யாரோ கேட்டுவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. போய்விட்டாள்.

பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். வட்டமாக நாற்காலி போட்டு, ஒவ்வொருவராகத் தான் கேட்டதைச் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு பாட்டைப் பெரிய ஒலிபெருக்கியில் போட்டு எல்லோரும் கண்ணை மூடிக் கேட்பார்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் செயலாளர். கையில் ஒரு சின்ன மணி வைத்திருப்பார். வட்டத்துக்கு விதி ஒன்றுதான்: பாட்டைப் பற்றிப் பேசு, உன்னைப் பற்றிப் பேசாதே. எங்கே கேட்டாய், எப்போது கேட்டாய், யாரோடு கேட்டாய் என்பதெல்லாம் வாயில் வரக்கூடாது. வந்தால் மணி அடிக்கும். வட்டம் தொடங்கிய புதிதில் ஒருவர் ஒரு பாட்டைச் சாக்காக வைத்துத் தன் விவாகரத்துக் கதையை முக்கால் மணி நேரம் சொல்லித் தீர்த்தாராம். அதிலிருந்து வந்த விதி.

அவளுக்கு அந்த விதி வசதியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். நர்ஸ் என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அவளும் திருத்தவில்லை.

முதல் நான்கு மாதம் கதவோரத்து நாற்காலிதான். முறை வந்ததும் எழுதி மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்து முடித்துவிடுவாள். ஐந்தாவது மாதம் ஒரு பழைய பாடகரின் ஒலிப்பதிவைப் பற்றிச் சொன்னாள். ஒரு குரல், ஒரு நரம்பு வாத்தியம், அவ்வளவுதான். பதிவு செய்த அடுத்த வருடம் பாடகர் இறந்துவிட்டார். வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு என்பதால் இரண்டொருவர் கொட்டாவியை மறைத்துக்கொண்டார்கள்.

"மூணாவது வரிக்கு முன்னாடி ஒரு மூச்சு விடறார்," என்றாள் அவள். "பாடறதுக்காக எடுக்கற மூச்சு இல்ல. சுமையைக் கீழ எறக்கி வச்சவங்க விடுவாங்களே, அந்த மூச்சு. ஒவ்வொரு சுத்துலயும் அதே எடத்துல வருது."

செயலாளர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார், எழுதிக்கொண்டார். அன்றைக்கு வேறு பாட்டு போடுவதாக இருந்ததை மாற்றி அதையே போட்டார்கள். மூன்றாவது வரி வரும் இடத்தில் செயலாளர் விரலை உயர்த்தினார். முதலில் அவர் தலையாட்டினார். பிறகு கண்ணாடிக் கடைக்காரர் ஆட்டினார். பிறகு ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. இத்தனை வருடம் இது எப்படி நம் காதில் விழாமல் போயிற்று என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அவளுக்கும் கேட்டது. சத்தியமாகக் கேட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தாள்.

அடுத்த மாதம் அவளுடைய நாற்காலி செயலாளருக்குப் பக்கத்தில் கிடந்தது. டீ முதலில் அவளுக்கு வந்தது. டீச்சர், "இந்த மாசம் என்ன கேட்டீங்கம்மா?" என்று படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டார். மாதம் முழுவதும் அந்தக் கேள்விக்காகத்தான் அவள் மிதியை மிதித்தாள் என்றால் மிகையில்லை. ஒருவருக்கு வாழ்க்கையில் எவ்வளவு வேண்டியிருக்கிறது? சிலருக்கு வீடு வேண்டும், கார் வேண்டும். இவளுக்கு ஒரு நாற்காலியும் ஒரு கேள்வியும் போதுமாக இருந்தது.

செயலாளருக்கு அது போதவில்லை. வட்டத்தின் ஆண்டு மலரில் பதினாறு பக்கக் கட்டுரை எழுதினார். பாடகருக்கு அப்போதே நுரையீரலில் நோய் கண்டிருந்தது, அது தெரிந்தும் அந்த மூச்சை அழிக்காமல் பதிவில் விட்டுப்போனார், அதுதான் அவர் பாடிய கடைசி வரி என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அவளைப் பற்றி, நம் வட்டத்து அன்பர் ஒருவர் தற்செயலாகச் சுட்டியபடி என்று ஒரு வரி இருந்தது. 'தற்செயலாக' என்ற சொல் அவளைக் கொஞ்சம் உறுத்தியது. போகட்டும் என்று விட்டாள். கட்டுரையைப் படித்து வேறு ஊர்ச் சங்கங்கள் அவரைப் பேச அழைத்தன. மூச்சைக் கேட்டு அழுதவர்கள் பட்டியல் நீண்டது.

ஒரு புதன்கிழமை காலை கோட்டு மிஷின் நின்றுபோனது. உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டது, ஃபிட்டர் வந்து பிரித்துப் போட்டார். அவள் துணி மூட்டை மேல் உட்கார்ந்து அந்தப் பாட்டைப் போட்டாள். முதல் வரி, இரண்டாவது வரி. அப்புறம் ஒன்றுமில்லை. வெறும் இடைவெளி, உடனே மூன்றாவது வரி. ஒயரைச் சரிசெய்து மறுபடி போட்டாள். நான்கு தடவை போட்டாள். ஐந்தாவது தடவை இரண்டாவது வரி முடிகிற நேரத்தில் ஃபிட்டர் வேலையை முடித்து மிதியை ஓர் அழுத்து அழுத்தினார். புஸ்.

அவள் காதிலிருந்து ஒயரை உருவினாள்.

இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிற சத்தம் காதுக்குச் சத்தமாகவே படாது. பாட்டில் அந்த இடத்தில் ஓர் இடைவெளி வருகிறது, அந்த இடைவெளிக்காகக் கால் காத்திருந்து மிதித்திருக்கிறது. ஒவ்வொரு கோட்டுக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும். விலை மலிந்த ஒயர், வெளிச் சத்தத்தையும் உள்ளே விட்டிருக்கிறது. பதினாறு பக்கமும் நுரையீரல் நோயும் டீச்சரின் கண்ணீரும் இவளுடைய வலது காலிலிருந்து வந்தவை. ஃபிட்டர் எதற்கு இந்தம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது, கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் சொன்னார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். பத்து நாள் அதைத்தான் யோசித்தாள். சொன்னால் நர்ஸ் வேஷம் கலையும், நாற்காலி போகும். ஆனால் அந்த மனிதர் எப்போதோ பாடிவிட்டுப் போனவர், ஒரு வரிக்கும் இன்னொரு வரிக்கும் நடுவில் சும்மா இருந்திருக்கிறார். அந்தச் சும்மா இருந்ததைக்கூட இவர்கள் அவரிடம் விட்டுவைக்கவில்லை. பாட்டை உண்மையாகக் கேட்கிற எவளாலும் அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. அவள் உண்மையாகக் கேட்கிறவள். வினை அங்கேதான் இருந்தது.

இரண்டாவது ஞாயிறு அரை மணி முன்னதாகவே போய்ச் செயலாளரிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அடுத்த மாதம் தலைநகரத்தில் பேச்சு ஏற்பாடாகியிருப்பதைச் சொன்னார். மனக்குழப்பம் எல்லோருக்கும் வருவதுதான் என்றார். வட்டத்தில் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், கேட்டுக்கொண்ட விதத்தில் மேலாளர் தெரிந்தார்.

அவள் முறை வந்தபோது எழுந்து நின்றாள். வழக்கமாக அங்கே யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

"அந்தப் பாட்டுல மூச்சு இல்லீங்க. நான் ஆஸ்பத்திரி சலவைல கோட்டு தேய்க்கிறேன். அங்க நின்னுக்கிட்டுதான் பாட்டு கேப்பேன், எங்க மிஷின்ல—"

மணி அடித்தது.

"எங்க கேட்டீங்கங்கறது இங்க வேண்டாம்," என்றார் செயலாளர். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். பாட்டைப் பத்தி மட்டும் சொல்லுங்க."

"பாட்டைப் பத்திதான் சொல்றேன். அது நீராவிச் சத்தம்."

பாட்டைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார் கண்ணாடிக் கடைக்காரர். போட்டார்கள். செயலாளர் விரலை உயர்த்தினார். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள், போன முறையைவிட நன்றாகவே. கேட்கிறது என்றார்கள். தெளிவாகக் கேட்கிறது என்றார்கள். ஒருவர் அதற்குப் பிறகு இன்னொரு சின்ன மூச்சும் கேட்பதாகச் சொன்னார், செயலாளர் அதையும் எழுதிக்கொண்டார். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவர்களுக்கு நிஜமாகவே கேட்டது.

"உங்களுக்குக் கேக்கலையா?" என்று டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இல்ல டீச்சர். யாருக்குமே கேக்காது. அங்க ஒண்ணும் இல்ல."

வட்டத்தில் ஒரு பார்வை சுற்றி வந்தது. நீராவி, மிஷின், எத்தனை வருடம் என்று டீச்சர் மெதுவாக விசாரித்தார். இதற்கெல்லாம் மணி அடிக்கவில்லை. இருபத்திரண்டு என்றதும் டீச்சர் வாயில் கை வைத்தார்.

"அப்படிப்பட்ட எடத்துல வேலை பாத்தா காது என்னத்துக்கு ஆகும், பாவம்," என்றார்.

அந்த 'பாவம்' அவளுக்கு வீடுவரை கூடவே வந்தது.

மறுவாரம் சாப்பாட்டு இடைவேளையில் மூன்றாவது மாடிக்குப் போனாள். காது பரிசோதிக்கிற அம்மாவின் கோட்டு வருடக்கணக்காக இவள் கையில்தான் படிகிறது, அந்த உரிமையில் கேட்டாள். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இந்த வயதில் இவ்வளவு நல்ல காதைப் பார்த்ததே இல்லை என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போனாள். செயலாளர் வாங்கிப் படித்துவிட்டு, மடித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"மிஷின் சொல்றது வேற. பாட்டு கேக்கறது வேறம்மா."

நாற்காலி கதவோரம் போயிருந்தது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள், கதவோரத்தில் தொடங்கியவள்தானே. அந்த மாதம் முழுவதும் ஒரு புல்லாங்குழல்காரரைக் கேட்டிருந்தாள். மிஷின் பக்கத்தில் நின்று கேட்காமல், அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, காற்றுகூட இல்லாத விடுமுறை மத்தியானங்களில் கேட்டாள். சொல்வதற்கு ஐந்து வாக்கியம் இருந்தது. அதில் நான்காவது வாக்கியம் மிக நன்றாக வந்திருந்தது, அவளுக்கே அதில் கொஞ்சம் பெருமை. முறை சுற்றி வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார், டீச்சர் சொன்னார், அவளுக்கு முன்னால் இருந்தவர் சொல்லி முடித்தார். அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். செயலாளர் அவளைப் பார்த்து அன்பாக ஒரு புன்னகை செய்துவிட்டு அவளுக்கு அடுத்தவரிடம் போனார். அவங்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னது, அந்த நல்ல காதுக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது.

கூட்டம் முடிந்ததும் டீச்சர்தான் தேடி வந்தார். நல்ல மனுஷி. முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை அகலமாகத் திறந்து, மாடி முழுவதும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

"டீ... குடிக்கறீங்களா?"

"கேக்குது டீச்சர். மெதுவாவே சொல்லலாம்."

டீச்சர் மற்றவர்களைப் பார்த்து வருத்தத்தோடு தலையசைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டார்.