தட்டைப் பார்க்காதவர்

டாக்டர் ஆள்காட்டி விரலை உயர்த்தி, "உப்பைக் குறைக்கணும்" என்று எச்சரித்துக்கொண்டிருக்கிறார். நோயாளியின் கவனமோ அந்த விரலில்தான். வலது கை தன்னையறியாமல் முழங்காலுக்குப் பக்கத்தில் நெம்புகோலைத் தேடுகிறது. விரல் மேலே போனால் சரக்கைத் தூக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவருக்கு வேறு எப்படி இருக்கும்?

கவிழ்ந்த பேருந்து, மின்மாற்றி, பாலத்து உத்தரம் என்று எதையும் அலுங்காமல் தூக்கி அலுங்காமல் வைப்பார். அவருடைய ஐம்பது டன் கிரேனில் எடை காட்டும் முள் என்றைக்கோ நின்றுவிட்டது. "முள்ளும் நானும் ஒண்ணு. வேலைக்கு ஆகாது, ஆனா கழட்டிப் போடவும் மனசு வராது" என்பார். தொப்பை முதலில் கேபினுக்குள் போய்ச் சேரும், பின்னாலேயே தான் போய்ச் சேருவதாகச் சொல்வார். கிரேன் கொட்டகையில் அவருக்குப் பெயர் 'தட்டு', பறக்கும் தட்டு என்பதன் சுருக்கம். கைப்பேசியை எடுத்ததும் "தட்டு பேசறேன்" என்று அவரே சொல்லிவிடுவார். மற்றவர்கள் கேலி செய்வதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்தப் பெயர் வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. ஒரு நண்பகலில் ராணுவ ஜீப் ஒன்று கொட்டகைக்கு வந்து, கிரேனையும் அவரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனது. எங்கோ ஒரு பொட்டல்வெளி. சுற்றிலும் கித்தான் மறைப்பு. வானத்திலிருந்து விழுந்த ஏதோ ஒன்றைத் தூக்கி நீளமான லாரியில் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். மூன்று நாள் ஒரு கொட்டடியில் உட்காரவைத்து, வெளியே மூச்சுவிடக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். விழுந்தது வானிலை பலூன் என்று பேப்பரில் வந்தது.

"பலூனைத் தூக்க ஐம்பது டன் கிரேன் எதுக்குங்க? ரகசியத்தைக் காப்பாத்தறேன்னு கையெழுத்துப் போட்டேன். வந்ததும் எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒருத்தரும் நம்பல. ரகசியம் தானா காப்பாத்தப்பட்டுடுச்சு!"

உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால், "பச்சையா ரெண்டு பேரு. வழியில இறக்கிவிடச் சொன்னாங்க" என்பார். கொட்டகையே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

சிரிக்க முடியாத பகுதியை அவர் சொல்வதில்லை. அந்த மூன்று நாளில்தான் அவருக்கு மகள் பிறந்தாள். அவசரமாக ஆபரேஷன். கையெழுத்துப் போடப் புருஷன் இல்லாமல் மச்சான் போட்டார். நான்காம் நாள் அழுக்குச் சட்டையோடு வார்டில் போய் நின்று, எங்கே தொலைந்தாய் என்று மச்சான் கேட்டதற்கு இவர் உண்மையைச் சொன்னார். சொல்லும்போதே அவர் காதுக்கே பொய் மாதிரிதான் கேட்டது. மனைவி குழந்தையைப் பார்த்தபடி "சரி" என்றாள். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் சோறு போட்டாள், மகளை வளர்த்தாள், கட்டிக்கொடுத்தாள். இவர் அந்த நாளைப் பற்றி வாயெடுத்தால் மட்டும் "விடுங்க" என்பாள். அந்தச் 'சரி' அவருக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள்.

போன வாரம் ஒருவர் வீடு தேடி வந்தார். பறக்கும் தட்டுகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். அன்றைக்கு அது விழுந்ததைப் பார்த்ததாக ஆடு மேய்த்தவர் ஒருவர் சொன்னதை வைத்து வரைந்த படத்தை மேசைமேல் விரித்தார்.

"இப்படித்தானே இருந்துச்சு? ஆமான்னு சொல்லுங்க சார், போதும். தேதி போட்டு, உங்க பேரோட அச்சுல வந்துடும்."

ஒரே ஒரு தலையாட்டல். அச்சில் வந்துவிட்டால் மச்சான் வாயடைத்துப் போவார். அறைக் கோடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறவளும் படிப்பாள். படமும் லட்சணமாகத்தான் இருந்தது. வட்ட வட்டமாக ஜன்னல்கூட வைத்திருந்தார்கள்.

"நான் பாக்கலைங்க" என்றார்.

"தூக்கினது நீங்கதானே?"

"தூக்கினேன். பாக்கல. கிரேன் ஓட்டறவன் சரக்கைப் பாக்கக் கூடாது. கீழ நின்னு சைகை காட்டறவன் கையைத்தான் பாக்கணும். கண்ணு அந்தண்டை போனா யார் தலையிலயாவது இறங்கிடும். உலகத்துல யாருக்கும் கிடைக்காத அதிசயம் என் கொக்கியில தொங்குது, நான் ஒரு சிப்பாய் கையை வெறிச்சுப் பாத்துட்டிருக்கேன். என்னை மாதிரி மடையன் உண்டா?"

"இறக்கி வெச்ச பிறகாவது?"

"அதுக்குள்ள தார்ப்பாய் போட்டு மூடிட்டாங்க."

வந்தவர் விடவில்லை. "அந்தக் கையில ஏதாவது விசேஷம்? விரல் கூடக் குறைய?"

"அஞ்சு விரல்தான்." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "கட்டைவிரல் நகம் கருத்துக் கிடந்துச்சு, கதவிடுக்குல நசுங்கின மாதிரி. வாட்ச் பட்டை தொளதொளன்னு முழங்கை வரைக்கும் இறங்கிடும், உதறி உதறி ஏத்திவிடுவான். விரல் நடுங்கிட்டே இருந்துச்சு. சரக்குக்குப் பக்கத்துல நின்னவன் அவன், நல்லா பாத்திருக்கான். தூக்கச் சொல்றானா, பயத்துல ஆட்டறானான்னே புரியல. அந்த நடுக்கத்தைத் தள்ளிட்டு மிச்சத்தைப் பாத்துப் பாத்துத் தூக்கினேன். அவன் கையை விட்டு ஒரு நொடி கண்ணை எடுத்திருந்தா, அவன் மேலயே இறக்கியிருப்பேன்."

வந்தவர் பேனாவை மூடினார். இதை வைத்து ஒரு பத்திகூடத் தேறாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போய் வழியனுப்பிய கிரேன்காரர், திரும்பி வரும்போதே ஒரு கேலியைத் தயாராக வைத்திருந்தார். "பாத்தியா, புத்தகத்துக்குக்கூட ஆகாத புருஷன்..."

"பச்சை ஆளுங்கன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே?" என்றாள் மனைவி.

"அது சும்மா... சிரிக்கிறதுக்கு."

"அதைக் கேட்டுத்தான் எல்லாமே கட்டுக்கதைன்னு இருந்துட்டேன்." மடித்துக்கொண்டிருந்த சட்டை அவள் கையிலேயே நின்றது. "பொய் சொல்றவரா இருந்தா இன்னிக்குத் தட்டைப் பாத்தேன்னு சொல்லியிருப்பீங்க. பேரு அச்சுல வரும்னு அந்த ஆளு எவ்வளவு கெஞ்சினாரு."

அவருக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"மொதல்லேருந்து சொல்லுங்க" என்றாள். மடிக்காத துணிகளைக் கட்டிலில் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, நாற்காலியை அவருக்கு நேரெதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.