என் வாசல் மண்

எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் நான் யாரையும் நம்புவதில்லை. காலையில் வணக்கம் சொல்லிப் பூப்படம் அனுப்புகிறவர்தான், மாலையில் பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி தன் எல்லைக்குள் நகர்ந்து வந்துவிட்டதென்று படம் பிடித்துப் போடுவார். சாப்பாடு கொண்டுவருகிற ஆள் வீட்டு எண் தெரியாமல் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் போதும், ‘யார் இவர்?’ என்ற கேள்வியோடு அவர் முகம் குழுவில் வந்துவிடும். எங்கள் கூலாய் ஊரில் உண்மையிலேயே இத்தனை திருடர்கள் இருந்திருந்தால் எங்கள் வீடுகளில் கதவுகூட மிஞ்சியிருக்காது.

இந்தப் படங்களில் பாதி மூலை வீட்டு அங்கிளுடையவை. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். அவர் பொருத்திய கேமரா அவருடைய வாசலைத் தவிர எல்லார் வாசலையும் பார்க்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி விடாமல் சிணுங்கியது. அங்கிள் ஒரு காணொளி போட்டிருந்தார். மத்தியான வெயில், ஆளில்லாத தெரு. துப்பட்டாவால் தலையை மூடிய ஒரு பெண் வருகிறாள். ஒரு கேட்டின் முன் நிற்கிறாள். இரண்டு பக்கமும் பார்க்கிறாள். குனிந்து தரையிலிருந்து எதையோ கிள்ளி எடுத்து, தாளில் மடித்துக்கொண்டு போகிறாள்.

அது என் வீட்டு கேட்.

திருட வருகிறவர்கள் முதலில் ஆளனுப்பி வீட்டுக்கு அடையாளம் வைப்பார்கள் என்று எதிர் வீட்டு மலாய்க்காரம்மா மலாயில் எழுதினார். யாரோ அழுகிற முகம் போட்டார்கள். காலையில் காணொளியைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றார் அங்கிள். அவருக்கு இதைவிடச் சந்தோஷமான நாள் வாய்த்திருக்காது.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குனியும்போது அவள் ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டாள். அறுவைசிகிச்சையில் பிள்ளை பெற்றவள் அப்படித்தான் குனிவாள். என் பக்கத்து வீட்டுப் பெண். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள்.

எதை எடுத்தாள் என்பதும் தெரிந்தது. காலடி மண். குழந்தைக்குக் கண் பட்டுவிட்டதென்றால், யார் கண் என்று சந்தேகமோ அவர்கள் கால் பட்ட மண்ணை எடுத்து, உப்பும் காய்ந்த மிளகாயும் சேர்த்து, குழந்தையைச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். குழுவில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்த தமிழ் வீடுகள் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் எல்லாம் கதையைப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அந்த மௌனமே போதும்.

மூன்று மாதக் குழந்தை. சாயங்காலமானால் அவள் அவனைத் தூக்கிவந்து என் கையில் கொடுத்துவிட்டுத் துணி எடுக்கப் போவாள். ஞாயிற்றுக்கிழமை நான்தான் சொன்னேன், “எப்படி கொழுகொழுன்னு இருக்கான் பாரேன்” என்று. அன்றைக்கு இரவிலிருந்து குழந்தை பால் குடிக்காமல் அழுதான். திங்கட்கிழமை அவனை அவள் வெளியே கொண்டுவரவில்லை.

எனக்குப் பிள்ளை இல்லை. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, யாரும் என்னை மறக்க விட்டதுமில்லை. பிள்ளையில்லாதவள் கண் என்று அவள் நினைத்திருக்கிறாள். உடம்பெல்லாம் எரிந்தது. வேறு வாசல்களிலும் மண் எடுத்திருப்பாளோ என்று காணொளியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நாலைந்து வீட்டு மண்ணைச் சேர்த்து எடுப்பதும் வழக்கம்தான், அப்படியென்றால் மனசு ஆறியிருக்கும். அவள் என் வாசலுக்கு மட்டும் வந்தாள், நேராகத் திரும்பிப் போனாள்.

நான் சும்மா இருந்தால் காலையில் போலீஸ் வரும், பச்சை உடம்புக்காரி பதில் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் என் பெயர் தாமான் முழுக்க நாறும். கடைசியில் எழுதினேன்: ‘அது பக்கத்து வீட்டுத் தங்கச்சிதான். என் கம்மல் திருகாணி வாசலில் விழுந்துவிட்டது. தேடிப் பார்க்கச் சொல்லியிருந்தேன்.’ மலாயிலும் எழுதினேன்.

அங்கிள் ஏமாந்துபோய் ஒரு கட்டைவிரலை மட்டும் போட்டார். அவள் படித்துவிட்டாள் என்று கைப்பேசி காட்டியது. இனி எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அதற்குப் பிறகும் சுற்றிப்போடுவாளா?

பொழுது சாயும் நேரத்தில் பின்கட்டுக்குப் போய், துணி மடிப்பதுபோல் நின்றேன். கண் பட்டிருந்தால் மிளகாய் எரியும்போது நெடி வராது என்பார்கள். நெடி வந்தால் கண் இல்லை. என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சை முடிவுக்கும் நான் இப்படிக் காத்திருந்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கரி வெடிக்கும் சத்தம். புகை எழுந்தது. வாசனையே இல்லை. சுவரை ஒட்டிப் போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன்.

பிறகுதான் வந்தது. மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, கண்ணைப் பிழிந்தது. நான் இருமினேன், சிரித்தேன், மறுபடி இருமினேன்.

ஆனால் அவளுக்கு அது தெரிந்ததா? சளி பிடித்திருந்தால்? நெடியே இல்லையென்று அவள் பிடிவாதமாக நினைத்துக்கொண்டால்? எனக்கு நெடி வந்தது என்று நானே போய்ச் சொல்லவும் முடியாது.

கைப்பேசி சிணுங்கியது. ‘சியாபா பாக்கார் ச்சிலி?’ யார் மிளகாய் எரிப்பது என்று எதிர் வீட்டம்மா கேட்டிருந்தார். அடுத்து இன்னொருவர்: பிள்ளைகள் இருமுகிறார்கள். அங்கிள்: கண் திறக்க முடியவில்லை, யாரானாலும் உடனே நிறுத்தவும். அந்தக் குழுவில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்லை. அன்று தெரு முழுக்கச் சேர்ந்து எனக்குச் சாட்சி சொன்னது. ஒவ்வொரு புகாரையும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு படித்தேன்.

கொஞ்சம் கழித்து அவள் எழுதினாள்: ‘சோரி, எங்க வீடுதான்.’

மறுநாள் சாயங்காலம் கேட்டைத் தட்டும் சத்தம். குழந்தையோடு நின்றாள்.

“கிளினிக் போனோம்க்கா. மாத்தின பால் மாவு ஒத்துக்கலையாம். இப்ப நல்லா குடிக்கிறான்லா.”

“சரி, நல்லதா போச்சு.”

அவள் தரையைப் பார்த்தபடி கேட்டாள். “திருகாணி கெடச்சிருச்சாக்கா?”

“கெடச்சிருச்சு” என்றேன்.

குழந்தையை என் கையில் கொடுத்தாள். கன்னத்தில் இருக்கிற மைப்பொட்டு அன்று பெரிதாகியிருந்தது. உள்ளங்காலிலும் புதிதாக ஒன்று. அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டு பொக்கை வாயால் சிரித்தான்.

“எப்படி இருக்கான், பாருங்கக்கா” என்றாள். அவள் கண் குழந்தைமேல் இல்லை, என் முகத்தின்மேல் இருந்தது.

“ரொம்ப எளச்சுட்டான்” என்றேன்.

அவன் கொஞ்சமும் இளைக்கவில்லை.