வெட்டுக்கிளியின் சின்னப் பை

"உனக்கும் அந்தப் பை இருக்காம்மா?" என் ஆறு வயது மகளின் இந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருந்தது. அதன் பின்பக்கம் கத்தி போல நீண்டிருந்தது. "கொடுக்கு, கொட்டிடும்" என்று மகளை இழுத்தேன்.

"கொடுக்கு இல்லைங்க, முட்டை வைக்கிற குழாய்" என்றார் பக்கத்து சீட் பெண். பூச்சியியல் பேராசிரியையாம். தாலிக்கொடியோடு ஒரு சின்ன லென்ஸும் தொங்கியது. பேசுமுன் அதைப் புடவையில் துடைத்துக்கொள்வார்.

லென்ஸை வாங்கிப் பார்த்த மகள், "முட்டை எங்க?" என்றாள்.

"வயித்துக்குள்ள, சூலகத்துல."

"அப்பா பூச்சி?"

"போயிடுச்சு. அது குடுத்த விந்தை அம்மா பூச்சி ஒரு சின்னப் பையில பத்திரமா வச்சிருக்கும். முட்டை வெளிய வர்றப்ப சேர்த்துக்கும்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்றேன்.

"ஏங்க, கெட்ட வார்த்தையா சொல்லிட்டேன்?" அவர் குரல் தாழவில்லை.

அப்போதுதான் மகள் என் பக்கம் திரும்பி அந்தப் பையைப் பற்றிக் கேட்டாள். "சரியாத்தான் கேக்குறா. இதுக்கு நீங்கதான் சொல்லணும்" என்று சிரித்துவிட்டு, அவர் மாம்பழச்சாலையில் இறங்கிவிட்டார்.

மறுநாள் மகள் இதை வகுப்புக்கே விளக்கியிருக்கிறாள். "நீங்களா சொல்லிக் குடுத்தீங்க?" என்று டீச்சர் கேட்டபோது, பெருமை தாங்காமல் "ஆமாங்க" என்றுவிட்டேன்.

எனக்கு அந்தப் பை இல்லை என்று மகளிடம் சொல்லிவிடலாம். அடுத்து அவள் என்ன கேட்பாள் என்பதும் தெரியும். அந்தப் பெண்ணைப் போலக் குரல் தாழாமல் அதை எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்த அம்மாக்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.