மழைக்குப் போடாத கோட்டு

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு நீல மழைக்கோட்டு தொங்குகிறது. அதை மழைக்கு யாரும் போட்டதில்லை. என் சித்தப்பா அதைப் போட்டுக்கொண்டு, கடத்தூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில், சித்திரை வெயிலில், அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். குத்துச்சண்டைப் போட்டிக்கு முன்னால் உடம்புத் தண்ணீரை வியர்வையாக இறக்கினால்தான் பழைய எடைப் பிரிவிலேயே அவர் நிற்க முடியும். தாகமெடுத்தால் வாய் கொப்பளித்துத் துப்புவார். ஒரு மடக்கும் விழுங்கமாட்டார்.

என் சிறுவயது முழுவதும் மாவட்ட சாம்பியன் அவர்தான். எதிரே நிற்கும் முகம் வருடா வருடம் மாறும்; நடுவர் உயர்த்தும் கை மாறாது. ஒருமுறை டீக்கடைக்காரர் சீண்டினார்: "ஏங்க சாம்பியனு, மீசை மொளைக்காத பசங்களையே எத்தினி நாளைக்கு அடிப்பீங்க? ஒருக்கா மேல் வெயிட்டுக்குப் போய்த்தான் பாக்கறது?"

"போனா தோத்துருவனுங்க. தோத்துப்புட்டு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு ஊர்ல பஸ்ஸ வுட்டு எறங்கறது?" என்றார் சித்தப்பா. கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பின்னாளில் சிறுநீரகம் கெட்டுப் படுத்தார். அந்தக் கோட்டுதான் காரணமா என்று மருத்துவர் சொல்லவில்லை. கடைசிவரை தண்ணீரை அளந்துதான் கொடுத்தோம்.

இறந்த பிறகு ஊர் அவரை மாவீரர் என்கிறது. குத்துச்சண்டை பழகும் என் மகளும் அப்படித்தான் சொல்கிறாள். போன வாரம் அவள் தகரக்கூரை அறையைச் சாத்திக்கொண்டு, எடையைக் குறைக்க அதே கோட்டில் கயிறு தாண்டி மயங்கி விழுந்தாள். அதன் பொத்தான்களைக் கழற்றி, முகத்தில் தண்ணீர் தெளித்தேன்.

கண் விழித்ததும் கேட்டாள்: "சின்ன தாத்தா பெரிய வீரர்தானம்மா?"

ஆமாம் என்றால் கோட்டை நானே மாட்டிவிட்டதாகும். இல்லை என்றால் பொய்; அவருடைய இடது கை பாய்வதைப் பார்த்தவள் நான். அத்தனை பேரையும் வீழ்த்தியவருக்கு அந்தப் பட்டத்தைவிட்டு வெளியே வர மட்டும் தெரியவில்லை. அதைப் பெருமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நல்ல வீரருதான் சாமி. ஆனா தோக்கப் பயந்தே காலத்த ஓட்டிட்டாரு. நீ மேல் வெயிட்டுக்குப் போ."

"அங்க போனா தோத்துருவேம்மா."

"தோத்துட்டு வா. பஸ் ஸ்டாண்டுல நான் வந்து நிக்கறேன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோட்டை எரித்துவிடலாம்தான். எரித்தால் எனக்குத் தெரியாமல் வேறொன்று வாங்குவாள். இன்று காலை மழையில் நனைந்துகொண்டே பயிற்சிக்கு ஓடினாள். நான் மறுபடி கதவுக்குப் பின்னால் பார்க்கிறேன். கோட்டு இங்கே தொங்கினால் அவள் உடம்பில் இல்லை.